திரும்பக் கேட்கக்கூடிய பணம்



என்னை அழைத்த நண்பர்கள் இந்த உரைக்கு ‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்று தலைப்பு வைத்துவிடலாமா என்று கேட்டார்கள். அமெரிக்கத் தேர்தல்களில் ஐந்து டாலரும் பத்து டாலருமாக இணையத்தில் சேரும் நன்கொடை பற்றிப் பேசப் போகிறேன் என்றால் யாருக்கும் முதலில் அந்தப் பழமொழிதான் நினைவுக்கு வரும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். துளிகள் சேர்ந்து வெள்ளமாவது வெறும் கூட்டல் கணக்கு. கூட்டல் கணக்கில் எப்போதும் பணக்காரனே ஜெயிப்பான். 2024 தேர்தலில் இலான் மஸ்க் என்ற ஒரே ஒருவர் செலவழித்தது 25 கோடி டாலருக்கு மேல். ஆளுக்கு 25 டாலர் வீதம் ஒரு கோடிப் பேரிடம் வசூலித்தால்தான் அதற்கு ஈடாகும். தொகையை மட்டும் பார்த்தால் சிறு பணம் தோற்றுப்போன பணம்.

ஆனாலும் கடந்த இருபது ஆண்டுகளில் அந்த நாட்டின் அரசியலைப் புரட்டிப் போட்டதில் சிறு பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது எப்படி என்று புரிய ஒரு சட்ட விவரத்திலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் வறட்டு விவரம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கூட்டாட்சி அளவிலான தேர்தல்களில் தனிமனிதர் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்கும் பணத்துக்கு உச்சவரம்பு உண்டு. வாட்டர்கேட் ஊழலுக்குப் பின் 1974இல் வந்த சட்டத் திருத்தம் அதை ஒரு தேர்தலுக்கு 1,000 டாலர் என்று வைத்தது. 2002இல் அது 2,000 ஆயிற்று. அதன்பின் விலைவாசியோடு சேர்ந்து ஏறிக்கொண்டே வந்து 2024இல் 3,300 டாலரில் நின்றது. உட்கட்சித் தேர்தலுக்குத் தனி, பொதுத் தேர்தலுக்குத் தனி. இப்போது பாருங்கள்: மன்ஹாட்டனில் ஒரு பெரிய வழக்கறிஞர் விருந்துக்கு வந்து, வேட்பாளரோடு படம் எடுத்துக்கொண்டு, முழுத் தொகைக்கும் காசோலை எழுதிக் கொடுக்கிறார். அந்தத் தேர்தலுக்கு அவர் கதை முடிந்தது. அவரிடம் இன்னொரு டாலர் வாங்கினாலும் சட்டமீறல். 25 டாலர் கொடுத்த பள்ளி ஆசிரியையிடமோ அடுத்த மாதம் கேட்கலாம், அதற்கடுத்த மாதமும் கேட்கலாம். வரம்பைத் தொட அவருக்கு நூற்று முப்பது தடவைக்கு மேல் இடம் இருக்கிறது. இறைக்கிற கிணறு ஊறும் என்பார்களே, இந்தப் பணத்துக்குப் பொருந்துவது அந்தப் பழமொழிதான். சிறு நன்கொடையின் பலம் அதைத் திரும்பக் கேட்க முடிவதில் இருக்கிறது. நல்லதும் கெட்டதுமாக இனி நான் சொல்லப் போகும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து முளைத்தவை.

சிறு கொடையாளர்களைத் தேடிப் போகும் வழக்கம் இணையத்தோடு பிறந்ததல்ல. 1964இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர் படுதோல்வி அடைந்தார். ஆனால் அவருக்குப் பணம் அனுப்பிய சாதாரண மக்கள் ஏராளம். மறு ஆண்டு ரிச்சர்ட் விகெரி என்ற இளைஞர் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கீழவை அலுவலகத்துக்குப் போனார். கோல்ட்வாட்டருக்கு 50 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களின் பட்டியல் அங்கே பொது ஆவணமாக இருந்தது. ஆள் வைத்து அதைக் கையால் படியெடுத்தார், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அமெரிக்க வலதுசாரி இயக்கம் அடுத்த இருபது ஆண்டுகள் அஞ்சல் வழியாகத் திரட்டிய பணத்துக்கு அந்தப் பட்டியல்தான் விதை நெல். தேர்தலில் தோற்றவரின் பட்டியல் வென்றவரின் பதவியைவிட நீண்ட நாள் உழைத்தது. பட்டியல் என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி வரும்.

அஞ்சலில் ஒரு தொல்லை இருந்தது. அச்சுக்கூலி, உறை, தபால்தலை எல்லாம் போக முதல் சுற்றில் கை நஷ்டம்தான் மிஞ்சும். பதில் எழுதிப் பணம் அனுப்பியவர்களிடம் இரண்டாம், மூன்றாம் முறை கேட்கும்போதுதான் லாபம். அதாவது ஒவ்வொரு தடவை கேட்பதற்கும் ஒரு விலை இருந்தது. இணையம் அந்த விலையை ஏறக்குறையச் சுழியமாக்கியது.

அதற்கும் சட்டம் வழிவிட வேண்டியிருந்தது. உட்கட்சித் தேர்தலில் சிறு நன்கொடைகளுக்கு ஈடாக அரசும் பணம் கொடுக்கும் திட்டம் அப்போது நடப்பில் இருந்தது. இணையத்தில் கிரெடிட் கார்டு வழியாக வரும் பணமும் அதற்குத் தகுதி பெறுமா என்று அதிபர் வேட்பாளராக முயன்ற பில் பிராட்லியின் பிரச்சாரக் குழு கேட்க, பெறும் என்று 1999இல் தேர்தல் ஆணையம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷயரில் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஜார்ஜ் புஷ்ஷைத் தோற்கடித்தார் ஜான் மெக்கைன்; சில நாட்களுக்குள் பத்து லட்சம் டாலருக்கு மேல் இணையத்தில் வந்து விழுந்தது. வெற்றிச் செய்தியின் சூடு ஆறுவதற்குள் காசு. அஞ்சலில் இது நடக்கவே நடக்காது.

பிறகு வந்தார், 2004 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற ஹோவர்ட் டீன். வெர்மான்ட் என்ற சின்னஞ்சிறு மாநிலத்தின் ஆளுநராக இருந்த மருத்துவர். இராக் போரை எதிர்த்தவர். கட்சியின் பெரிய தலைகள் யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய பிரச்சார மேலாளர் ஜோ ட்ரிப்பி பிரச்சார இணையதளத்தில் ஒரு பேஸ்பால் மட்டைப் படத்தை வைத்தார். பணம் ஏற ஏற மட்டையில் நிறம் ஏறும். கொடுத்தவர் மறுபடி வந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். பார்த்தவர் இன்னும் கொஞ்சம் கொடுப்பார். 2003இன் இரண்டாம் காலாண்டில் டீன் 76 லட்சம் டாலர் திரட்டி, ஜான் கெர்ரி உட்பட சகபோட்டியாளர்கள் எல்லாரையும் முந்திவிட்டார்.

அந்த ஜூலையில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. தென் கரோலினாவில் துணை அதிபர் டிக் செனி கலந்துகொள்ளும் நிதி திரட்டும் விருந்து, இலைக்கு 2,000 டாலர். அதே நேரத்தில் டீன் ஒரு கணினி முன்னால் உட்கார்ந்து வான்கோழி சாண்ட்விச் தின்றார். அந்தப் படத்தைத் தளத்தில் போட்டு, செனியின் விருந்துக்கு எதிர் விருந்து இது, வாருங்கள் என்று அழைத்தார்கள். ஏறத்தாழ 5 லட்சம் டாலர் சேர்ந்தது. செனியின் விருந்தில் சேர்ந்தது அதைவிடக் குறைவு. சாண்ட்விச்சுக்கு என்ன செலவாகியிருக்கும்!

அந்த ஆண்டு முடிவதற்குள் டீன் நான்கு கோடி டாலருக்கு மேல் திரட்டியிருந்தார். 2004 ஜனவரி 19 அன்று அயோவாவில் முதல் வாக்குப்பதிவு. மூன்றாம் இடம். அவ்வளவுதான், சில வாரங்களில் களத்தை விட்டே போய்விட்டார். கார்டு எண்ணைத் தட்டிய கூட்டம் நாடெங்கும் பரவியிருந்தது. அயோவாவின் குளிரில் வீட்டைவிட்டு வந்து அணிசேர்ந்து நிற்க வேண்டிய கூட்டம் வேறு. இந்த வேறுபாட்டை அமெரிக்க அரசியல்வாதிகள் அன்றே புரிந்துகொண்டிருந்தால் பிறகு பல கோடி மிச்சமாகியிருக்கும்.

அதே 2004இல் மாசசூசெட்ஸில் இரண்டு இளைஞர்கள் ஆக்ட்புளூ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஜனநாயகக் கட்சியின் எந்த வேட்பாளருக்கும் இதன் வழியாகப் பணம் அனுப்பலாம், நூற்றுக்கு 3.95 கழித்துக்கொண்டு மீதியைச் சேர்ப்பிப்பார்கள். கார்டு விவரத்தை ஒருமுறை பதிந்துவிட்டால் போதும், அடுத்த தடவை ஒரே தட்டில் பணம் போய்விடும். இந்த ஒரே தட்டு பெரிய விஷயம். பர்ஸைத் தேடி எழுந்துபோகிற நேரத்தில்தான் மனிதர்களுக்குப் புத்தி வருகிறது. அந்த இடைவெளி இல்லாமல் போயிற்று. ஆக்ட்புளூ வழியாக இதுவரை போன பணம் ஆயிரம் கோடி டாலரை எப்போதோ தாண்டிவிட்டது. குடியரசுக் கட்சி இதற்கு இணையாக வின்ரெட் என்ற அமைப்பைத் தொடங்கியது 2019இல்தான். விகெரியின் கட்சி, பட்டியல் கலையைக் கண்டுபிடித்த கட்சி, பதினைந்து ஆண்டு பின்தங்கியது விந்தை.

ஒபாமாவின் 2008 பிரச்சாரம் பற்றி உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். இணையத்தில் மட்டும் முப்பது லட்சம் பேர், ஏறத்தாழ 50 கோடி டாலர். சாமானிய மக்களின் பணத்தில் அதிபரானவர் என்று அன்று உலகமே எழுதியது. தேர்தலுக்குப் பிறகு கேம்பெயின் ஃபைனான்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. 200 டாலருக்கு மிகாத தனித்தனித் தொகைகளாக வந்த பணம் ஏறத்தாழ பாதி. ஆனால் மொத்தமே 200 டாலருக்குள் நின்றுவிட்ட ஆட்களிடமிருந்து வந்தது நான்கில் ஒரு பங்குதான். 2004இல் புஷ்ஷுக்கும் ஏறக்குறைய அதே விகிதம்! ஒபாமாவை மட்டம்தட்ட இதைப் பயன்படுத்தியவர்கள் உண்டு. எனக்கு அந்த இடைவெளி வேறொன்றைச் சொல்கிறது. 50 டாலரோடு உள்ளே வந்தவர்கள் பத்துத் தடவை கொடுத்து 500 டாலர்காரர்கள் ஆகியிருக்கிறார்கள். நான் முதலில் சொன்ன ஆசிரியை இவர்களில் இருக்கிறார்.

இதனால் யாருக்கு நன்மை? நேர்மையாகச் சொன்னால், நன்மை உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒரு நாளில் பல மணி நேரம் தொலைபேசியில் பணம் கேட்டுக் கழிக்கிறார்கள். அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்கச் சட்டம் இடம் தராது. அதனால் பக்கத்தில் கட்சி அலுவலகத்துக்குப் போய், ஒரு சிறு தடுப்புக்குள் அமர்ந்து, பட்டியலில் உள்ள பணக்காரர்களை ஒவ்வொருவராக அழைக்க வேண்டும். புதிதாகத் தேர்வான உறுப்பினர்களுக்கு ஜனநாயகக் கட்சி வகுத்துக்கொடுத்த மாதிரி நாளட்டவணை 2013இல் வெளியானது. அதில் நாளுக்கு நான்கு மணி நேரம் இதற்கே ஒதுக்கப்பட்டிருந்தது. சட்டம் இயற்றத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நாளில் பாதி நேரம் டெலிமார்க்கெட்டிங் செய்கிறார்கள். தினமும் யாருடைய குறையைக் கேட்கிறோமோ அவர்களுடைய குறைதான் நாட்டின் குறையாகத் தெரியும். சிறு பணம் வரத் தொடங்கிய பிறகு, அந்தத் தடுப்புக்குள் நான் போகமாட்டேன் என்று சொல்லும் துணிவு சிலருக்கு வந்தது.

2016இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற பெர்னி சாண்டர்ஸ் செய்து காட்டியதும் அதுதான். சராசரி நன்கொடை 27 டாலர். கூட்டங்களில் அவர் சராசரி எவ்வளவு என்று கேட்பார், கூட்டமே அந்த எண்ணைச் சொல்லிக் கத்தும். நியூ ஹாம்ப்ஷயரில் வென்ற இரவு, தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டிக்கொண்டிருக்கும்போதே, இப்போதே என் நிதி திரட்டும் கூட்டத்தை நடத்துகிறேன் என்று சொல்லி நாட்டையே பார்த்துக் கையேந்தினார். மறுநாள் மாலைக்குள் 60 லட்சம் டாலருக்கு மேல். வால் ஸ்ட்ரீட்டை ஒவ்வொரு மேடையிலும் திட்டிவிட்டு, வால் ஸ்ட்ரீட்டில் ஒரு விருந்தும் வைக்காமல், ஹிலாரி கிளின்டனுக்கு எதிராகக் கடைசி மாநிலம் வரை நின்றார். வெல்லவில்லை. ஆனால் பணம் தீர்ந்து விலகவும் இல்லை. அமெரிக்க உட்கட்சித் தேர்தல்களில் பெரும்பாலானவர்கள் விலகுவது வாக்கு தீர்ந்து அல்ல, பணம் தீர்ந்துதான்.

இனி கெட்டது. திரும்பக் கேட்க முடியும் என்றால் எத்தனை முறை கேட்கலாம்? கேட்பதற்குச் செலவில்லை என்றால் நிறுத்துவதற்குக் காரணமும் இல்லை. 2012இல் ஒபாமா குழு ஒரே மின்னஞ்சலின் பல வடிவங்களைச் சிறு சிறு குழுக்களுக்கு அனுப்பிச் சோதித்தது. எதிரணி என்னைவிட அதிகம் செலவழிக்கப் போகிறது என்ற பொருளில் தலைப்பிட்ட ஒரே கடிதம் 26 லட்சம் டாலர் கொண்டுவந்தது. அச்சம் விற்கிறது என்று எண்களால் நிரூபணமானது அப்போதுதான். அதற்குப் பிறகு எல்லாரும் அச்சம் விற்கத் தொடங்கினார்கள். கடைசி எச்சரிக்கை, நள்ளிரவோடு முடிகிறது, இன்று நீங்கள் கொடுத்தால் ஐந்து மடங்காக ஈடுசெய்வோம். யார் ஈடுசெய்கிறார் என்று மட்டும் எந்தக் கடிதத்திலும் இருக்காது. அமெரிக்காவில் உறவினர் இருப்பவர்கள் அவர்களுடைய இன்பாக்ஸைப் பார்த்தால் தெரியும். அக்டோபர் மாதத்தில் நம்மூர் கடன் செயலிகள் தோற்றுவிடும்.

இதைவிட ஒருபடி மேலே போய், கேட்கவே தேவையில்லாமல் செய்துவிட்டார்கள். 2020இல் டிரம்ப் பிரச்சாரத்தின் நன்கொடைப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் ஏற்கெனவே டிக் போட்டிருக்கும். ஒருமுறை கொடுக்க வந்தவர் அந்த டிக்கை எடுக்கத் தவறினால் மாதாமாதம் பணம் போகும். செப்டம்பரிலிருந்து வாராவாரம் போகும். அதைச் சொல்லும் வரி பெரிய எழுத்து முழக்கங்களுக்குக் கீழே பொடி எழுத்தில். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் வங்கிக் கணக்கைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் 2021 ஏப்ரலில் இதை அம்பலப்படுத்தியது. டிரம்ப் தரப்பும் கட்சியுமாக அந்தத் தேர்தலில் திருப்பிக் கொடுக்க நேர்ந்த இணைய நன்கொடை 12 கோடி டாலருக்கு மேல். பைடன் தரப்பு திருப்பியது ஏறக்குறைய 2 கோடி. ஜனநாயகக் கட்சியும் யோக்கியமாக இருந்துவிடவில்லை; அதன் கீழவைத் தேர்தல் குழு அதே டிக்கைப் பயன்படுத்தியது. இதைத் தடைசெய்யுங்கள் என்று தேர்தல் ஆணையமே அடுத்த மாதம் நாடாளுமன்றத்துக்கு ஒருமனதாகப் பரிந்துரைத்தது. அந்த ஆணையம் ஒருமனதாக எதையும் செய்வது அபூர்வம்.

அடுத்து, எப்போது கொடுக்கிறார்கள் என்பது. 2009 செப்டம்பரில் ஒபாமா நாடாளுமன்றத்தில் பேசும்போது, ஜோ வில்சன் என்ற தென் கரோலினா உறுப்பினர் நடுவில் பொய் சொல்கிறாய் என்று கத்தினார். சில நாட்களில் அவருக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வந்தது. அவரை எதிர்த்து நிற்கவிருந்த ராப் மில்லருக்கும் பத்து லட்சத்துக்கு மேல். ஒரே ஒரு கூச்சல், இரண்டு பக்கமும் அறுவடை. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தபோது, ஒரு நாளுக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் ஆக்ட்புளூவில் 9 கோடி டாலர் குவிந்தது. 2024 மே 30 அன்று நியூயார்க்கில் டிரம்ப் குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததும் அவருடைய நன்கொடைப் பக்கமே முடங்கியது. 24 மணி நேரத்தில் 5 கோடி டாலருக்கு மேல் என்றது அவர் தரப்பு. ஜூலை 21இல் பைடன் போட்டியிலிருந்து விலகி கமலா ஹாரிஸ் வந்தபோது ஒரே நாளில் 8.1 கோடி. இவற்றுள் ஹாரிஸுக்கு வந்தது உற்சாகப் பணம், மற்றவை கோபமும் துக்கமும். கூச்சலிடுகிற உறுப்பினருக்குக் காசு வருகிறது. குழுவில் அமர்ந்து மசோதாவைத் திருத்துகிற உறுப்பினருக்கு வருவதில்லை. பணக்கார நன்கொடையாளர் சலுகை கேட்பார் என்று பயந்தோம். சிறு நன்கொடையாளர் கேட்பது சண்டை.

கோபத்தில் கொடுத்த பணம் எங்கே போகிறது என்பதற்கு இரண்டு சான்று போதும். 2020இல் குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சி கிரஹாமை எதிர்த்துத் தென் கரோலினாவில் நின்ற ஜேமி ஹாரிசன் ஒரே காலாண்டில் 5.7 கோடி டாலர் திரட்டினார். செனட் வேட்பாளர் யாரும் அதுவரை அவ்வளவு திரட்டியதில்லை. பத்துப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். கென்டகியில் அதே கட்சியின் செனட்டர் மிட்ச் மெக்கானலை எதிர்த்த ஏமி மெக்ராத் 9 கோடிக்கு மேல் திரட்டி, ஏறத்தாழ இருபது புள்ளியில் தோற்றார். கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மாநிலங்களில் வாக்கே கிடையாது. கிரஹாமையும் மெக்கானலையும் தொலைக்காட்சியில் பார்த்து எரிச்சலடைந்தவர்கள். ஒருகட்டத்துக்கு மேல் அந்தப் பணத்தைக் கொண்டு தொலைக்காட்சி விளம்பர நேரத்தைத் தவிர வாங்க எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

எண்ணிக்கையையே தகுதியாக வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தார்கள். 2019இல் ஜனநாயகக் கட்சி, அதிபர் வேட்பாளராக முயல்பவர்கள் விவாத மேடை ஏற 65,000 நன்கொடையாளர்களைக் காட்டினால் போதும் என்றது. பிறகு அதை 1,30,000 ஆக்கி, கருத்துக்கணிப்பு ஆதரவும் வேண்டும் என்றது. டாம் ஸ்டையர் என்ற கோடீஸ்வரர் ஒரு டாலர் கேட்டு ஃபேஸ்புக்கில் விளம்பரமாகக் கொட்டினார். 2023இல் குடியரசுக் கட்சி 40,000 பேர் என்று வரம்பு வைத்தபோது, வடக்கு டகோட்டா ஆளுநர் டக் பர்கம் சுற்றி வளைக்கவே இல்லை: ஒரு டாலர் கொடுங்கள், 20 டாலர் பரிசு அட்டை தருகிறேன் என்றார். மேடையும் ஏறினார். வாக்காளருக்குக் காசு கொடுப்பது பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை; ஆனால் நன்கொடையாளருக்கே காசு கொடுக்கலாம் என்று நம் ஆட்களுக்குத் தோன்றவில்லை.

இடையில் ஒரு நடைமுறை விஷயம், கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஹாரிஸ் நின்றபோது, சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் என்ற பாசத்தில், நம்மவர்கள் பணம் அனுப்ப முடியுமா என்று விசாரித்தார்கள். வெளிநாட்டவர் கொடுப்பது சட்டப்படி குற்றம். அங்கேயே வேலை பார்க்கும் உங்கள் மகனானாலும் எச்-1பி விசாவில் இருந்தால் கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம், வாக்குப் போடத்தான் முடியாது. இன்னொன்று, வேட்பாளர் தரும் கணக்கில் 200 டாலருக்குக் குறைவாகக் கொடுத்தவர் பெயர் வரவேண்டியதில்லை. ஆக்ட்புளூ, வின்ரெட் போன்ற இடைநிலை அமைப்பு வழியாகப் போனால் ஐந்து டாலர் கொடுத்தவரின் பெயரும் ஊரும் தொழிலும் ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி நிற்கும். நாலு கோடி பத்து கோடி என்று பெயர் மறைத்துக் கொடுக்க வழி வைத்திருக்கும் நாட்டில் ஐந்து டாலர்காரனுக்கு ஒளிவிடம் இல்லை.

பெரும் பணத்துக்கு வழி 2010இல் இன்னும் அகலமாகத் திறந்தது. சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளரோடு சேராமல் தனியாகச் செலவழிப்பவருக்கு நிறுவனமானாலும் வரம்பு கிடையாது என்றது. சூப்பர் பேக் என்ற குழுக்கள் அதிலிருந்து முளைத்தன. மஸ்க்கின் பணம் போனது அந்தப் பாதையில். ஹாரிஸ் மூன்று மாதத்துக்குள் 100 கோடி டாலருக்கு மேல் திரட்டித் தோற்றார். இருபது ஆண்டுகளில் சிறு பணம் பெரும் பணத்தை விரட்டவில்லை. இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன.

எனக்கு நம்பிக்கை தரும் ஓர் ஏற்பாடு நியூயார்க் நகரத்தில் இருக்கிறது. நகரவாசி கொடுக்கும் நன்கொடையில் முதல் 250 டாலருக்கு, மேயர் வேட்பாளருக்கு நகர நிர்வாகம் எட்டு மடங்கு சேர்த்துக் கொடுக்கும். பத்து டாலர் கொடுத்தால் எண்பது கூடும். வெளியூர்க்காரரின் கோபத்துக்கு அங்கே ஈடு கிடையாது. வாக்குள்ள ஊரில்தான் பணத்தையும் தேட வேண்டும். முக்கியமாக, பதிலுக்கு வேட்பாளர் ஒரு செலவு வரம்பை ஏற்க வேண்டும். அதாவது கேட்பதற்கு ஒரு முடிவு உண்டு. 2025 மார்ச்சில், உட்கட்சித் தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே, மேயர் வேட்பாளராக முயன்ற ஸோரான் மம்தானி அந்த வரம்பைத் தொட்டுவிடும் நிலைக்கு வந்தார். எதிரில் நின்ற ஆண்ட்ரூ கூமோவுக்காக ஒரு சூப்பர் பேக் 2 கோடி டாலருக்கு மேல் இறைக்கவிருந்தது. மம்தானி ஒரு வீடியோ வெளியிட்டார்: தயவுசெய்து பணம் அனுப்புவதை நிறுத்துங்கள், அதற்குப் பதில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வாருங்கள் என்றார். ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். ஜூனில் கூமோவையும், நவம்பரில் தேர்தலையும் வென்றார். இம்முறை பட்டியலில் இருந்தவர்களிடம் அவர் கேட்டது பணம் அல்ல. கதவைத் தட்ட வருகிறீர்களா என்றுதான் கேட்டார்.